மான் யாருக்குச் சொந்தம்?

'சொந்தம்' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். வீடு சொந்தம், நிலம் சொந்தம் என்கின்றோம். உறவினரையும் சொந்தம் என்றே குறிக்கின்றோம். உடைமைக்கும் உறவுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆயினும் காட்டில் திரியும் ஒரு மானின்மீது இச்சொல்லை வைத்துப் பார்த்தால் அது தடுமாறத் தொடங்கிவிடுகிறது. மான் ஒருவன் நிலத்திற் பிறக்கிறது. மற்றொருவன் வயலில் மேய்கிறது. மூன்றாமவன் ஓடையில் நீர் அருந்துகிறது. இரவானால் அரசாங்கக் காட்டிற் படுத்து உறங்குகிறது. அம்மான் யாருடையது?

இவ்வினாவை நீதிமன்றம்வரை கொண்டு சென்று, தலைமுறை தலைமுறையாக வாதிட்டு வரும் நாடு அமெரிக்கா. அங்கே இலையுதிர் காலத்தில் மான் வேட்டைப் பருவம் வருகிறது. வேட்டையாட விரும்புவோர் உரிமம் பெறல் வேண்டும். அவ்வுரிமத்தை வழங்குவது நடுவண் அரசன்று. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. உரிமம் கேட்டு வருவோரை மாநிலங்கள் இரண்டாகப் பிரிக்கின்றன: தம் எல்லைக்குள் குடியிருப்போர் ஒரு சாரார், வெளிமாநிலத்தார் மற்றொரு சாரார். முன்னவருக்குக் குறைந்த கட்டணம். பின்னவருக்குப் பன்மடங்கு கட்டணம். பல மாநிலங்களில் வெளிமாநிலத்தாருக்கு எண்ணிக்கை வரம்பும் உண்டு. குலுக்கலிற் பெயர் வந்தாலன்றி உரிமம் கிட்டாது. குடியிருப்போர் யாவர் என்பதற்கும் அளவுகோல் வைத்திருக்கின்றனர். மொன்டானாவில் தொடர்ந்து 180 நாள் வாழ்ந்திருக்க வேண்டும், வயோமிங்கில் ஓராண்டு. நாட்கணக்கோடு விட்டுவிடுவதும் இல்லை. வருமான வரியை எங்கே கட்டுகிறார், வாக்கை எங்கே அளிக்கிறார், வண்டியை எங்கே பதிந்திருக்கிறார் என்றெல்லாம் மொன்டானா கேட்கிறது.

உயிர்க்கொலை தகுமா என்னும் வினா இதனினும் பெரியது. தமிழ் படித்த எவரும் அதை எளிதிற் கடந்துவிட முடியாது. எனினும் இக்கட்டுரையில் அதனை நான் எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே நம் கருத்துக்குரியது வேறொன்று. ஊருக்குப் பொதுவான ஒரு பொருளில் அயலானுக்குப் பங்கு உண்டா? உண்டெனில், எதை அளவாகக் கொண்டு அப்பங்கை வகுப்பது? வகுப்பறையிற் குடிமைப் பண்பைக் கற்பிக்கும் நாம், 'நம்மவர்', 'பிறர்' என்னும் சொற்களை எவ்வளவு விரைவாகப் பயன்படுத்துகிறோம் என்பதை எண்ணினால், இவ்வினா நமக்கு அயலானதாகத் தோன்றாது.

1978ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்கு நல்ல தொடக்கமாகும். மொன்டானாவில் எல்க் என்னும் பெரிய மானினம் வாழ்கிறது. 1976ஆம் ஆண்டில் அம்மாநிலத்தார் ஒருவர் 9 வெள்ளி கொடுத்து எல்க் வேட்டைக்கு மட்டும் உரிமம் பெறலாம். வெளிமாநிலத்தாருக்கு அப்படித் தனி உரிமம் கிடையாது. மான், கரடி முதலிய பலவற்றையும் சேர்த்த கூட்டு உரிமத்தை அவர் 225 வெள்ளிக்கு வாங்கியாக வேண்டும். அதே கூட்டு உரிமம் உள்ளூராருக்கு 30 வெள்ளி. ஆக, ஒன்றுக்கு ஏழரை மடங்கு. மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த வேட்டைக்காரர் சிலரும் மொன்டானாவின் வேட்டை வழிகாட்டி ஒருவரும் இதனை எதிர்த்து வழக்காடினர். ஒரு மாநிலக் குடிமகனுக்குரிய சலுகைகளும் பாதுகாப்புகளும் மற்ற மாநிலக் குடிமக்களுக்கும் உண்டு என அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் உரைக்கிறது. அதனைக் காட்டியே அவர்கள் நீதி கேட்டனர். ஆறு நீதிபதிகள் அவர்களுக்கு எதிராகவும் மூவர் ஆதரவாகவும் நின்றனர், வழக்குத் தோற்றது.

தோற்றதற்கு நீதிபதி பிளாக்மன் கூறிய காரணமே நம் சிந்தனைக்குரியது. எல்க் வேட்டை இவர்களுக்குப் பிழைப்பன்று, பொழுதுபோக்கு. ஒரு நாட்டை ஒரே நாடாகப் பிணைத்து வைக்கும் அடிப்படை உரிமைகளுள் அது சேராது என்றார் அவர். இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1948இல், தென் கரோலினா மாநிலம் தன் கடலோரத்தில் இறால் பிடிக்கும் படகுக்கு உள்ளூராரிடம் 25 வெள்ளியும் வெளிமாநிலத்தாரிடம் 2,500 வெள்ளியும் கேட்டபோது அதே நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென ஒதுக்கியது. இறால் பிடிப்பது வயிற்றுப் பிழைப்பு. ஆகையால் அங்கே அயலானுக்கு நீதி உண்டு. மான் வேட்டை மகிழ்ச்சிக்கு. ஆகையால் இங்கே இல்லை.

இந்தப் பிரிவினை எனக்கு நிறைவு தரவில்லை. சோற்றுக்கு மட்டுந்தானா நீதி? ஊர் நூலகத்தின் கதவை அடுத்த ஊர்ச் சிறுவனுக்கு அடைத்துவிட்டு, 'படிக்காமற் போனால் உயிரா போய்விடும்?' என்று நூலகர் ஒருவர் கேட்டால் நாம் ஒப்புக்கொள்வோமா? மனிதன் மகிழ்ச்சிக்காகத் தேடுவனவற்றையும் பங்கிட்டே ஆக வேண்டும். பங்கிடுவது எதுவாயினும் முறை கேட்கத்தான் செய்வார்கள். மாற்றுத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரென்னன் வேறு வழியிற் சென்றார். பிழைப்பா, பொழுதுபோக்கா என்பதை விட்டுவிட்டு, இந்த வேற்றுமையைக் காட்டுவதற்கு மாநிலத்திடம் தக்க காரணம் இருக்கிறதா, தீர்க்க விரும்பும் கேட்டுக்கு வெளிமாநிலத்தார்தாம் காரணமா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பது என் துணிபு.

அப்படிக் கேட்டால் மாநிலம் என்ன விடை கூறும்? பழைய விடை ஒன்று இருந்தது. 'காட்டு விலங்குகள் இம்மாநில மக்களின் பொதுச் சொத்து. எங்கள் சொத்தை எங்களவருக்குக் கொடுக்கிறோம்' என்பது அது. 1896ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே இக்கொள்கையை ஏற்றிருந்தது. ஆனால் 1979இல், ஒக்லஹோமாவின் சிறு மீன்களை வெளிமாநிலத்தில் விற்கத் தடை விதித்த சட்டம் வழக்குக்கு வந்தபோது, அப்பழைய தீர்ப்பை நீதிமன்றம் கைவிட்டது. பறந்தும் நீந்தியும் ஓடியும் திரிவனவற்றை ஒருவர் உடைமை என்பது வெறும் புனைவு எனக் கருதப்பட்டது. அத்தீர்ப்பை எழுதியவரும் முந்திய ஆண்டு தோற்ற பக்கத்தில் நின்ற பிரென்னனே. ஆகவே, 'எங்கள் சொத்து' என்னும் விடை நிற்கவில்லை.

நிற்கக்கூடிய விடை மற்றொன்று உண்டு. அது சுமையைப் பற்றியது. மான் ஆண்டு முழுவதும் ஒரு மாநிலத்தில் வாழ்கிறது. வேட்டைப் பருவமோ சில வாரங்களே. எஞ்சிய காலத்தில் மக்காச்சோளத்தையும் சோயா அவரையையும் அது தின்கிறது. பனிக்காலத்தில் வைக்கோற்போரில் வாய் வைக்கிறது. இரவில் நெடுஞ்சாலையைக் கடந்து வண்டியில் மோதுகிறது. இவற்றையெல்லாம் தாங்குகிறவர் அங்கேயே வாழ்பவர். அவருடைய வாக்கால் அமைந்த அரசே காவலரை அமர்த்தி மானைப் பேணுகிறது. சுமப்பவருக்கு முதற்பங்கு என்பது எந்த ஊர் நியாயத்துக்கும் பொருந்தும். திருவிழாவுக்கு வரி கொடுத்தவர் வீட்டுக்கு முதல் மரியாதை செய்வதை நாம் குறை கூறுவதில்லையே.

இந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனால் இதை ஏற்றவுடன் இன்னொன்றையும் ஏற்றாக வேண்டும்: முகவரி வேறு, சுமை வேறு. நகரத்தின் மாடி வீட்டில் வாழ்ந்து, மான் தின்ற ஒரு கதிரையும் கண்டறியாதவருக்கும் மாநிலத்தார் என்னும் சலுகை கிடைக்கிறது. மறுபுறம், வெளிமாநிலத்தார் சுமையே சுமக்கவில்லை என்றும் கூறுவதற்கில்லை. 1937ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி நாடெங்கும் வாங்கப்பட்டு, வனவிலங்குப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. மேற்கு மாநிலங்களில் மான்கள் திரியும் தேசியக் காடுகளோ அமெரிக்கக் குடிமக்கள் அனைவருக்கும் பொதுவானவை. ஆகையால் உள்ளூராருக்கு முதற்பங்கு என்பது நியாயம். முழுப்பங்கு என்பது நியாயமன்று.

நிலவுடைமையையும் சுமையையும் அருகருகே வைத்துப் பார்க்க அயோவா மாநிலம் உதவுகிறது. பெரிய கொம்புடைய வெள்ளைவால் மான்களுக்கு அது பெயர் பெற்ற இடம். வெளிமாநிலத்தாருக்கு அங்கே ஆண்டொன்றுக்கு 6,000 உரிமங்களே ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்காகப் பலர் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றனர். அம்மாநிலத்தில் வாழும் நிலவுடைமையாளருக்குத் தம் நிலத்தில் வேட்டையாட இலவச உரிமம் உண்டு. நிலம் சொந்தமில்லாமல் குத்தகைக்கு உழுகிறவருக்கும் அவ்வுரிமை உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான ஏக்கர் அயோவாவில் வாங்கிப் போட்டுவிட்டு வேறு மாநிலத்தில் வாழ்கிறவருக்கு அது இல்லை; அவரும் மற்ற வெளிமாநிலத்தாரோடு குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டியவரே. ஒஹையோவில் வாழ்ந்த ஒரு நிலவுடைமையாளர் தம்மையும் அயோவாவில் குடியிருப்பவராகக் கொள்ள வேண்டும் என வாதிட்டார். 2013ஆம் ஆண்டு அயோவா உச்ச நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. 'என் நிலம், நான் கட்டும் நிலவரி, என் பயிரைத் தின்று வளர்ந்த மான்; நான் மட்டும் அயலானா?' என்று அத்தகையவர் கேட்பது செவிக்கு நியாயமாகவே படுகிறது. எனினும் நான் குத்தகைக்காரர் பக்கமே நிற்பேன். பட்டா வைத்திருப்பவர் நிலத்துக்கு உரியவர். அந்நிலத்தில் மான் படுத்தும் பாட்டை விடியற்காலையிற் போய்ப் பார்க்கிறவர் உழுபவர். அயோவாச் சட்டம் அவ்விருவரையும் பிரித்தறிந்திருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து அங்கே தங்கிக் கல்வி பயிலும் முழுநேர மாணவரையும் அது தன்னவராகவே கொள்கிறது. ஆசிரியர் என்ற முறையில் இதனைக் குறிப்பிடாமலிருக்க எனக்கு மனமில்லை.

இதுகாறும் உரிமத்தைப் பற்றியே பேசினோம். உரிமம் கையில் இருந்தால் மட்டும் போதுமா? வேட்டையாடுவதற்குக் கால் பதிக்க ஓர் இடம் வேண்டுமே. மானுக்கு வேலி இல்லை, மனிதனுக்கு உண்டு. அயோவாவின் நிலத்தில் மிகப் பெரும்பகுதி தனியாருடையது. மேற்கேயுள்ள மொன்டானாவிலும் நல்ல மேய்ச்சல் நிலங்களும் ஆற்றோரங்களும் தனியார் பண்ணைகளாகவே உள்ளன. முன்னாளில் பண்ணைக்காரரின் கதவைத் தட்டிக் கேட்டால் 'போய் வா' என்று அனுமதிப்பது அப்பகுதிகளிற் பரவலான வழக்கமாக இருந்தது. மானுக்கு விலை ஏறியதும் அவ்வழக்கம் சுருங்கியது.

அது சுருங்கியதில் குடியிருப்பு விதிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே நாம் ஊன்றி நோக்க வேண்டியது. வெளிமாநிலத்தாரின் உரிமத்தை அரிதாக்கினால் அதன் விலை கூடும். மொன்டானாவில், வேட்டைப் பயணங்களை ஏற்பாடு செய்து தரும் தொழில்முறையாளர்களின் வாடிக்கையாளருக்கென வெளிமாநில உரிமங்களில் ஒரு பகுதி உறுதியாக ஒதுக்கப்பட்டிருந்தது. குலுக்கலிற் காத்திருக்க விரும்பாத செல்வர், தொழில்முறையாளரை அமர்த்திக்கொண்டால் உரிமம் கையில் வந்துவிடும். வாடிக்கையாளர் உறுதியானதும் தொழில்முறையாளர் பண்ணைகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தார். எடுத்ததும் வாயிற்கதவு மற்றவருக்கு அடைபட்டது. இவ்வாறு குற்றஞ்சாட்டியவர்கள் மொன்டானாவின் உள்ளூர் வேட்டைக்காரர்களே. அயலானைக் கட்டுப்படுத்த எழுந்த விதி, சுற்றி வளைத்து உள்ளூரானையே வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டது என்பது அவர்கள் முறையீடு. 2010ஆம் ஆண்டு நவம்பரில் அவர்கள் ஒரு மக்கள் தீர்மானத்தைக் கொண்டுவந்தனர், அது நிறைவேறியது. தொழில்முறையாளருக்கான ஒதுக்கீடு நீங்கியது. அனைவரும் குலுக்கலுக்கு வந்தனர். அதனோடு வெளிமாநிலத்தாரின் கூட்டு உரிமக் கட்டணம் 628 வெள்ளியிலிருந்து 897 வெள்ளிக்கும், மான் உரிமக் கட்டணம் 328இலிருந்து 527க்கும் உயர்ந்தன. செல்வரின் குறுக்குவழியை அடைத்ததைப் பாராட்டலாம். ஆனால் அதே கையால் கட்டணத்தை உயர்த்தியது, ஏழையான வெளிமாநிலத்தானுக்கு நேர்வழியையும் குறுக்கிவிட்டது அன்றோ?

வயோமிங்கின் விதி இன்னும் வியப்பூட்டுவது. அங்கே நடுவண் அரசுக்குரிய பாதுகாக்கப்பட்ட வனாந்தரங்களில் மான் போன்ற பெரு விலங்குகளை வேட்டையாடும் வெளிமாநிலத்தார் தனியே செல்லக் கூடாது. தொழில்முறை வழிகாட்டியோ, அதற்கென அனுமதி பெற்ற உள்ளூர்வாசி ஒருவரோ உடன்வர வேண்டும். அதே மனிதர் அதே வனத்தில் மீன் பிடிக்கலாம், கூடாரமிட்டுத் தங்கலாம், எவரையும் துணைக்கு அழைக்காமல் மலையேறலாம். வழி தவறிவிடுவாரே என்னும் இரக்கம் அவர் தோளில் துப்பாக்கி ஏறும்போது மட்டும் பிறக்கிறது. பாதுகாப்பு என்று பெயர் சூட்டப்பட்டுள்ள இவ்விதி வழிகாட்டிகளின் வருவாய்க்குத்தான் பாதுகாப்பு என எண்ணுவோர் பலர். நானும் அவர்களுள் ஒருவன்.

அதே வயோமிங்கில் நிலம் சதுரங்கப் பலகைபோற் கிடக்கும் பகுதிகள் உண்டு. 1862ஆம் ஆண்டிலிருந்து இருப்புப்பாதை அமைக்க ஊக்குவிப்பாக, ஒரு சதுர மைலை நிறுவனத்துக்கும் அடுத்த சதுர மைலை அரசுக்குமாக மாற்றி மாற்றி வகுத்ததன் விளைவு அது. கறுப்புக் கட்டங்கள் தனியாருடையவை, வெள்ளைக் கட்டங்கள் பொதுமக்களுடையவை என்று கொள்வோம். ஒரு வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்த வெள்ளைக் கட்டத்துக்கு மூலை வழியாகத்தான் போக முடியும். 2021ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்திலிருந்து வந்த வேட்டைக்காரர் சிலர் ஓர் ஏணியைச் செய்து கொண்டுவந்தனர். தனியார் மண்ணிற் கால் படாமல் மூலைக்கு மேலாக ஏறி இறங்கினர். அத்துமீறல் என்று குற்றவழக்குத் தொடரப்பட்டது. 2022இல் நடுவர் குழு அவர்களை விடுவித்தது. மண்ணிற் கால் படாவிடினும் மேலேயுள்ள காற்றும் தமக்கு உரியதே என்று நிலவுடைமையாளர் பல மில்லியன் வெள்ளி இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்கும் தொடுத்தார். 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடுவண் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பொது நிலத்துக்குச் செல்லும் வழியை அடைப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தை அது அடிப்படையாகக் கொண்டது. அத்தீர்ப்பால் திறந்த வழி மிசூரிக்காரருக்கு மட்டும் உரியதன்று. வயோமிங்கில் பிறந்து வளர்ந்து, வெள்ளைக் கட்டத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த ஏழை வேட்டைக்காரனுக்கும் அதே மூலை திறந்தது. உள்ளூரானும் வெளியூரானும் உரிமத்துக்காக ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்ற காலமெல்லாம், இருவருக்கும் பொதுவான தடை வேலியாகவே இருந்தது.

இனி, இந்த 180 நாள், ஓராண்டு என்னும் கணக்குகளையெல்லாம் நாணச் செய்யும் செய்தி ஒன்றையும் கூற வேண்டும். குரோ என்னும் தொல்குடியினர் 1868ஆம் ஆண்டு அமெரிக்க அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்தனர். தம் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, குடியேற்றமில்லாத இடங்களில் வேட்டையாடும் உரிமையை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டனர். வயோமிங் மாநிலம் தோன்றியது 1890இல்தான். 2014ஆம் ஆண்டு அக்குடியைச் சேர்ந்த ஒருவர், மொன்டானாவிலுள்ள தம் ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து எல்லை கடந்து வயோமிங் பக்கத்துத் தேசியக் காட்டில் எல்க் வேட்டையாடியபோது, பருவமல்லாத காலத்தில் உரிமமின்றி வேட்டையாடியதாக அவர்மீது அம்மாநிலம் வழக்குத் தொடுத்தது. மாநிலம் உருவானதால் அந்த ஒப்பந்த உரிமை அழிந்துவிடவில்லை என 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கிற் கூறியது. எல்லைக்கோட்டுக்கு முன்பே அங்கிருந்தவரை, எல்லைக்கோட்டுக்குப் பின்னர் வந்தவர் 'நீ எந்த ஊர்?' என்று கேட்ட கதை இது. நம் மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட சில விலங்குகளைத் தம் குடும்ப உணவுக்காக வேட்டையாடப் பூர்வகுடி மக்களுக்கு இடமளித்திருப்பதை இங்கே ஒப்புநோக்கலாம். அங்கும் இங்கும் மூத்த குடியின் உரிமை முகவரியிலிருந்து பிறந்ததன்று.

பூசல்களுக்கிடையே பயனுள்ள ஏற்பாடு ஒன்றும் மொன்டானாவில் வளர்ந்திருக்கிறது. 1985ஆம் ஆண்டு அங்கே தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, தம் நிலத்தைப் பொதுமக்களின் வேட்டைக்குத் திறந்துவிடும் பண்ணைக்காரருக்கு மாநிலம் பணம் கொடுக்கிறது. எத்தனை பேர் எத்தனை நாள் வந்தனர் என்பதற்கேற்பத் தொகை அமையும். நிலம் பண்ணைக்காரருடையதாகவே இருக்கும். பல இலட்சம் ஏக்கர் இவ்வாறு திறக்கப்பட்டுள்ளது. அப்பணத்தின் பெரும்பகுதி வெளிமாநிலத்தார் செலுத்தும் உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. மாநிலத்தின் கருவூலத்தில் எங்கோ கரைந்து போகும் ஏழரை மடங்குக்கும், ஒரு பண்ணையின் வாயிலைத் திறக்கும் ஏழரை மடங்குக்கும் வேறுபாடு உண்டு. முன்னது அயலான் என்பதற்காக விதித்த தண்டம். பின்னது அயலானும் தானும் நடக்கும் பாதைக்குச் செலுத்தும் பங்கு. பிரென்னன் கேட்ட தக்க காரணத்தை 1976ஆம் ஆண்டுக் கட்டணத்தில் என்னாற் காண முடியவில்லை; இத்திட்டத்தில் ஓரளவு காண்கிறேன்.

இத்திட்டத்துக்கும் ஒரு வலுக்குறைவு உண்டு. பண்ணைக்காரர் விரும்பிச் சேரும் வரையில்தான் அது நிலைக்கும். தொழில்முறையாளர் ஒருவர் அதைவிடக் கூடுதலான தொகை தர முன்வந்தால், அடுத்த ஆண்டு அவ்வாயில் மறுபடியும் அடைபடலாம். பண்ணை கைமாறி, வேறு மாநிலத்துச் செல்வர் ஒருவர் அதை வாங்கினாலும் அதுவே நிகழலாம். அவருக்கோ அம்மாநிலத்தில் வேட்டை உரிமம் கிடைப்பதே அரிது. ஆனால் வாயிற்கதவின் சாவி அவரிடம் இருக்கும்.